வக்கீல் உங்களைக் கேட்காமலேயே கேஸை முடித்துவிட்டாரா?

(பொதுமக்கள் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"சார், வக்கீல் எங்களைக் கேட்காமலேயே கேஸை முடிச்சிட்டாரு. இப்ப நாங்க என்ன பண்றது?" எங்களிடம் வருகிறவர்கள் இந்தக் கேள்வியை மட்டும் மெதுவான குரலில்தான் கேட்பார்கள். முதலாளி சம்பளம் தராவிட்டால் சத்தம் போடுகிற நம் ஆட்கள், போலீஸ் அடித்தால்கூட பேட்டி கொடுக்கிற நம் ஆட்கள், வக்கீல் தப்புச் செய்தால் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். "அவர் பெரிய படிப்பு படிச்சவரு, பகைச்சுக்கிட்டா நமக்குத்தான் கஷ்டம்" என்ற பயம். அந்தப் பயத்தை முதலில் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உட்காருங்கள்.

வக்கீல் உங்களுடைய ஏஜென்ட். நீங்கள் வேலை கொடுத்தவர், அவர் அந்த வேலையைச் செய்கிறவர். அவர் கறுப்புக் கோட்டு போட்டிருக்கலாம், நீங்கள் பாக்டரி யூனிபார்ம் போட்டிருக்கலாம். சட்டத்தின் முன்னால் அந்த வழக்கின் சொந்தக்காரர் நீங்கள்தான். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்ட் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு முழுப் பகுதியே இருக்கிறது. வேலை கொடுத்தவர் சொன்னபடி நடக்க வேண்டும், கணக்கு காட்ட வேண்டும், சிக்கல் வந்தால் அவரைத் தொடர்புகொண்டு கேட்க வேண்டும். இது வக்கீலுக்கும் பொருந்தும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் வக்கீல் உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. மனுவில் எந்த வார்த்தையைப் போடுவது, எந்தச் சாட்சியை முதலில் கூப்பிடுவது, எந்தப் பழைய தீர்ப்பைக் காட்டுவது, எதிர்த்தரப்பு ஒரு தவணை கேட்டால் விட்டுக்கொடுப்பதா வேண்டாமா, இதெல்லாம் அவருடைய தொழில். அதில் நாம் தலையிட்டால் வேலை நடக்காது. டாக்ஸியில் ஏறினால் எந்த ரோட்டில் போவது என்பதை டிரைவரிடம் விடலாம். ஈப்போவுக்குப் போகச் சொன்னால் அவர் சிரம்பானில் கொண்டுபோய் இறக்க முடியாது, அவ்வளவுதான்.

எங்கே போவது என்பது உங்கள் முடிவு. கேஸைப் பேசி முடிப்பதா, எவ்வளவு தொகைக்கு முடிப்பது, கேஸை மீட்டுக்கொள்வதா, அப்பீல் போவதா, வீட்டைக் காலி செய்ய ஒத்துக்கொள்வதா, நிலத்தை விடுவதா, குற்றத்தை ஒப்புக்கொள்வதா, இவை எதையும் வக்கீல் தன் சொந்த யோசனையில் செய்யக் கூடாது. "உங்க நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்று சொல்வார். நல்லதாகவே இருக்கட்டும், கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

நம்மவர்களிடம் இது அதிகமாக நடப்பது எக்சிடெண்ட் கேஸில். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மண்டபத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பம் இருக்காது.

எப்படித் தொடங்குகிறது? புருஷனோ மகனோ வேலைக்குப் போகும்போது அடிபட்டு ஜெனரல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வார்டுக்கு ஒருவர் வருகிறார். நல்ல தமிழ் பேசுவார், பழம் வாங்கி வருவார், "அக்கா, கவலைப்படாதீங்க, நம்ம லாயர் ஒருத்தர் இருக்காரு, ஒரு காசு முன்பணம் வேணாம்" என்பார். சில நேரம் 500 வெள்ளி கையில் வைப்பார். கூடவே ஒரு கட்டுக் காகிதம். "இங்க, இங்க, இங்க கையெழுத்துப் போடுங்க." அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் கேட்பதில்லை. பாதிக் காகிதம் வெற்றுத் தாளாகக்கூட இருக்கும். அந்த ஆள் வக்கீல் இல்லை, வக்கீலின் கிளார்க்கும் இல்லை. புரோக்கர். இப்படி ஆள் வைத்து கேஸ் பிடிப்பது வக்கீல் தொழிலில் ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம்.

அந்தக் கட்டில் சாதாரணமாக மூன்று வகைக் காகிதம் இருக்கும். ஒன்று, உங்களுக்காக ஆஜராக வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் கடிதம். அது தேவையான காகிதம். இரண்டாவது, மருத்துவ அறிக்கை, போலீஸ் ரிப்போர்ட் எடுக்க அனுமதி. அதுவும் தேவைதான். மூன்றாவதுதான் விஷம். வக்கீல் தான் சரியென்று நினைக்கும் தொகைக்குக் கேஸை முடித்துக்கொள்ளலாம், இழப்பீட்டில் இத்தனை விழுக்காட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் இருக்கும். இரண்டு மூன்று வருடம் கழித்து "ஏன் சார் என்னைக் கேட்கலை?" என்று கேட்டால், அந்தக் காகிதத்தைத்தான் எடுத்து நீட்டுவார்கள்.

விழுக்காடு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "ஜெயிச்சா 30 விழுக்காடு எனக்கு, தோத்தா ஒண்ணும் வேணாம்" என்ற பேச்சு நம் நாட்டில் சட்டப்படி செல்லாது. 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின் 112ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. வழக்கில் பங்கு வாங்குவதும், ஜெயித்தால் மட்டுமே கட்டணம் என்று ஒப்பந்தம் போடுவதும் கூடாது. செய்த வேலைக்கு நியாயமான கட்டணம் கேட்கலாம், பில் கொடுக்க வேண்டும். பில் அதிகம் என்று தோன்றினால், கையில் கிடைத்த 6 மாதத்துக்குள் அதை நீதிமன்றம் மதிப்பிட வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நம்மவர்களில் பில் என்ற காகிதத்தைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு என்பது வேறு கதை.

சரி, கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகிறது. வாகன விபத்து வழக்குகளில் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் செஷன்ஸ் கோர்ட் விசாரிக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீலும் உங்கள் வக்கீலும் பேசுகிறார்கள். ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்கிறார்கள். அது நீதிமன்றத்தில் சம்மதத் தீர்ப்பாகப் பதிவாகிறது. "இரு தரப்பும் சம்மதித்து" என்று அதில் எழுதியிருக்கும். நீங்களோ அந்த நேரத்தில் ஷா ஆலாம் பாக்டரியில் ஷிப்ட்டில் நிற்கிறீர்கள். செக் வக்கீலின் கணக்குக்குப் போகிறது. பிறகு ஒரு நாள் போன் வரும். "வந்து கையெழுத்துப் போட்டு செக்கை வாங்கிக்குங்க."

இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அந்த செக்கை அவசரப்பட்டு பேங்கில் போடாதீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் ஏஜென்ட் ஒரு காரியம் செய்தால், நீங்கள் பின்னால் அதை ஏற்றுக்கொள்ளவும் முடியும், மறுக்கவும் முடியும். வாயால் சொன்னால்தான் ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்பதில்லை. பணத்தை வாங்கிச் செலவு செய்தாலே "ஏற்றுக்கொண்டார்" என்று வாதாடுவார்கள். ஆனால் அதே ஒப்பந்தச் சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. முக்கியமான விவரங்கள் தெரியாமல் ஏற்றுக்கொண்டது செல்லாது. மொத்தத் தொகை 80 ஆயிரம் என்பதை மறைத்து உங்களிடம் 35 ஆயிரத்தைக் கொடுத்து கையெழுத்து வாங்கியிருந்தால், "எனக்கு உண்மை தெரியாது" என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது. ஆகவே ஏற்கெனவே செக்கைப் போட்டுவிட்டவர்கள் "போச்சு" என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இன்னும் போடாதவர்கள் பொறுத்திருங்கள். வீட்டில் அரிசி இல்லாத நிலையில் செக்கைப் பார்த்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவர்கள் அந்த நேரம் பார்த்து நீட்டுகிறார்கள்.

வக்கீலிடம் கேட்க வேண்டியது இதுதான்: தீர்ப்புத் தொகை எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதிர்த்தரப்பு கொடுத்த வழக்குச் செலவு எவ்வளவு, நீங்கள் பிடித்தது எவ்வளவு, எதற்காக? கட்சிக்காரரின் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து எழுதி வர வேண்டும் என்று 1990ஆம் ஆண்டிலிருந்தே விதி இருக்கிறது. ஆகவே "கணக்கு இல்லை" என்று அவர் சொல்லவே முடியாது. அவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். கேஸ் நம்பரை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் பதிவகத்துக்கு நீங்களே போய்த் தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். உங்கள் கேஸ், நீங்கள் கேட்கலாம்.

அடிபட்டவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாக இருந்தால் இன்னும் கடுமையான பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளையின் கேஸைப் பேசி முடிப்பதாக இருந்தால் நீதிமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 76ஆவது ஆணை அதைச் சொல்கிறது. அந்தப் பணத்தை என்ன செய்வது என்பதும் நீதிமன்றம் சொல்கிறபடிதான். வக்கீலும் அப்பாவும் ஹோட்டலில் உட்கார்ந்து பேசி முடிக்கிற காரியம் இல்லை அது.

அடுத்தது தோட்ட விவகாரம். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பங்கள் லயத்தைவிட்டு வெளியேற்றப்பட்டபோதும், அதற்குப் பின்பும், நாற்பது ஐம்பது குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே வக்கீல் வைப்பது நம்மிடம் வழக்கம். காசு மிச்சம், ஒற்றுமையும் கூட. தவறு இல்லை. ஆனால் கம்பெனியோடு சமரசம் பேசும்போது என்ன நடக்கிறது? வக்கீல் கமிட்டித் தலைவரிடம் பேசுகிறார். தலைவர் "சரி" என்கிறார். ஆறு மாதத்தில் எல்லாரும் காலி செய்கிறோம், ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று நீதிமன்றத்தில் பதிவாகிவிடுகிறது. கடைசி லயத்தில் இருக்கிற பாட்டிக்கு விஷயம் தெரிவது புல்டோசர் வரும்போது.

கமிட்டித் தலைவர் நீங்கள் இல்லை. வழக்கில் உங்கள் பெயர் இருந்தால் நீங்கள் ஒரு கட்சிக்காரர். உங்களுக்காகத் தலைவர் சம்மதம் சொல்லலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை, அவர் சொன்ன "சரி" அவருடைய வீட்டுக்கு மட்டும்தான். ஆகவே சமரசம் என்றால் குடும்பத்துக்குக் குடும்பம் கையெழுத்து வேண்டும், விதிமுறைகளைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று முதல் நாளிலேயே கேளுங்கள். ஒத்துக்கொள்ளாத குடும்பம் வேறு வக்கீல் வைத்துக்கொள்ளட்டும். அதைத் துரோகம் என்று பேசாதீர்கள். ஒற்றுமை என்ற பெயரில் வாயை அடைத்தது போதும்.

கிரிமினல் கேஸ் பற்றிச் சுருக்கமாக. லாக்கப்பில் இருக்கும் பையனிடம் "ஒத்துக்கோ, பைன் மட்டும்தான்" என்று வக்கீல் சொல்வார். யோசனை சொல்வது அவர் வேலை. ஒத்துக்கொள்வதா இல்லையா என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியது பையன். அவன் புரிந்துதான் ஒத்துக்கொள்கிறானா, அதனால் என்ன ஆகும் என்று தெரியுமா என்பதை மாஜிஸ்திரேட் உறுதிப்படுத்த வேண்டும். மொழி புரியவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கேயே கேட்க வேண்டும். ஒத்துக்கொண்ட பிறகு பொதுவாகத் தண்டனையின் அளவையும் சட்டப்பொருத்தத்தையும் பற்றி மட்டும்தான் அப்பீல் போகலாம். அதற்கும் 14 நாள்தான்.

இனி, நடந்துவிட்டது, என்ன செய்வது என்ற கேள்விக்கு வருகிறேன்.

தெரிந்த அன்றைக்கே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். போனில் திட்டுவது எழுத்து இல்லை. ஒரு வெள்ளைத் தாள் போதும். தேதி, கேஸ் நம்பர், "இந்தச் சமரசத்துக்கு நான் சம்மதம் கொடுக்கவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை, இதை நான் ஏற்கவில்லை." மலாயில் எழுதுவதென்றால் 'சாயா திடாக் பெர்செதுஜு' என்ற மூன்று வார்த்தை இருந்தாலே விஷயம் புரிந்துவிடும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நீங்கள் மூன்று மாதம் பேசாமல் இருந்தால், அந்த மூன்று மாத மௌனத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

சமரசம் இன்னும் நீதிமன்றத்தில் பதிவாகவில்லை என்றால் நிலைமை நல்ல நிலைமை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அதே கடிதத்தின் நகல் போகட்டும். நீதிமன்றத் தேதியைக் கேட்டு, அன்றைக்கு லீவு போட்டு நேரில் போங்கள். எழுந்து நின்று "நான் சம்மதிக்கவில்லை" என்று சொல்லுங்கள். எந்த நீதிபதியும் கட்சிக்காரர் கண்முன்னால் மறுக்கும்போது 'சம்மதத்துடன்' என்று சாதாரணமாக எழுதிவிட மாட்டார். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது பல தவணைகள் கம்ப்யூட்டரிலேயே நடந்துவிடுகின்றன, யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஆகவே "எந்தத் தேதி, நேரிலா, கம்ப்யூட்டரிலா" என்று பதிவகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

பதிவாகிவிட்டது என்றால் கஷ்டம் கூடுகிறது. அதை மறைக்க மாட்டேன். உங்கள் மச்சானிடம் காரை விற்கச் சொல்கிறீர்கள். "8 ஆயிரத்துக்குக் கீழே விடாதே" என்று தனியாகச் சொல்லியிருக்கிறீர்கள். மச்சான் 6 ஆயிரத்துக்கு விற்றுவிட்டார். வாங்கியவருக்கு நீங்கள் சொன்னது எப்படித் தெரியும்? அவர் மச்சானை நம்பித்தான் வாங்கினார். வழக்கிலும் அப்படியே. உங்கள் வக்கீல் பேசியதை எதிர்த்தரப்பு நல்லெண்ணத்தோடு நம்பியிருந்தால், அந்தச் சமரசம் உங்களைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் சொல்லக்கூடும். உங்கள் சண்டை மச்சானோடுதான், அதாவது வக்கீலோடுதான் என்று ஆகிவிடும்.

ஆனாலும் கதவு முழுக்க மூடவில்லை. மோசடி, பொய்த் தகவல், சம்மதமே இல்லாதது போன்ற காரணங்கள் இருந்தால் சம்மதத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குப் பொதுவாக அப்பீல் வழி கிடையாது, புதிதாகத் தனி வழக்குப் போட வேண்டும். சம்மதத் தீர்ப்பாக இல்லாமல், உங்களுக்குத் தெரியாமல் நடந்து முடிந்த சாதாரணத் தீர்ப்பாக இருந்தால் அப்பீல் உண்டு. செஷன்ஸ் கோர்ட்டிலிருந்து உயர் நீதிமன்றத்துக்கு 14 நாள், உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 30 நாள். இரண்டில் எது உங்கள் நிலைமை என்று தீர்ப்பின் நகலைப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் நகலை முதலில் எடுங்கள் என்கிறேன்.

வக்கீல் கேஸை மீட்டுக்கொண்டுவிட்டார், மீண்டும் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது எந்த நிபந்தனையில் மீட்கப்பட்டது என்று புது வக்கீல் பார்க்க வேண்டும். காலக்கெடு வேறு ஓடிக்கொண்டிருக்கும். தீபகற்பத்தில் விபத்துக் காயத்துக்கு 6 வருடம். இறந்தவரை நம்பியிருந்த குடும்பம் கேட்கும் இழப்பீட்டுக்கு, இறந்த நாளிலிருந்து 3 வருடம். அரசாங்க வண்டி மோதியது போன்ற கேஸ்களுக்கு 36 மாதம். சபா, சரவாக்கில் தனிச் சட்டங்கள் உண்டு. அங்கே உறவினர் இருந்தால் அங்குள்ள வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

வக்கீலை மாற்றுவது உங்கள் உரிமை. புது வக்கீல் நீதிமன்றத்தில் மாற்ற அறிவிப்பைத் தாக்கல் செய்வார். பழையவரிடம் பைலைக் கேளுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் அது தீரும்வரை பைலைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை உண்டு. பாக்கி இல்லை என்றால் கொடுத்தே ஆக வேண்டும். அப்போதுதான் பில் என்ற அந்தக் காகிதம் முதல் தடவையாகப் பிறக்கும், பாருங்கள். வந்தால் வரட்டும். அதை வைத்துத்தானே மதிப்பிடச் சொல்ல முடியும்.

இனி புகார். கோலாலம்பூரில் வழக்கறிஞர்கள் ஒழுங்கு நடவடிக்கை வாரியம் என்று ஒன்று இருக்கிறது. மலாயில் 'லெம்பாகா தாதாதெர்திப் பெகுவாம்-பெகுவாம்'. "வக்கீலைப் பத்தி வக்கீல்கிட்டயே சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று நினைப்பீர்கள். இந்த வாரியம் வழக்கறிஞர் மன்றத்திலிருந்து தனியான அமைப்பு. விசாரிக்கும் குழுவில் வக்கீல் அல்லாத ஒருவரும் உட்காருவார். எச்சரிக்கை, அபராதம், 5 வருடம்வரை தொழில் தடை, பெயரையே பட்டியலிலிருந்து நீக்குவது, இவை வாரியத்தின் கையில் இருக்கும் தண்டனைகள். முடிவு திருப்தி இல்லை என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

புகார் எழுத்தில் இருக்க வேண்டும். படிவம் என்ன, கட்டணம் எவ்வளவு என்பதை வாரியத்தின் அலுவலகத்திலேயே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். எழுதும்போது கோபத்தைக் கொட்டாதீர்கள். "எங்கள் குடும்பத்தை நாசம் பண்ணின பாவி" என்று நாலு பக்கம் எழுதினால், நாலாவது பக்கத்தில் இருக்கும் முக்கியமான தேதியை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தத் தேதியில் வக்கீலை வைத்தேன், இந்தத் தேதியில் சமரசம் பதிவானது, இந்தத் தேதியில்தான் எனக்குத் தெரியும், இந்தத் தேதியில் மறுத்துக் கடிதம் போட்டேன், நகல் இணைப்பில். ஒரு பக்கம் போதும். வாரியம் வக்கீலைத்தான் விசாரிக்கும், உங்கள் தீர்ப்பை மாற்றாது. உங்கள் நஷ்டத்துக்கு ஈடு வேண்டும் என்றால் வக்கீல் மீது வழக்குப் போட வேண்டும். அதற்கு 6 வருடக் காலக்கெடு. "அவர்கிட்ட பணம் இருக்குமா?" என்றால், தொழில் செய்யும் வக்கீல் ஒவ்வொருவரும் தொழில் பொறுப்புக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

பணத்தையே எடுத்துக்கொண்டார் என்றால் அது வேறு. நம்பிக்கை மோசடி, அதற்கு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். உங்கள் கையெழுத்தை வேறு யாரோ போட்டிருந்தாலும் அப்படியே, அது போர்ஜரி. வழக்கறிஞர் மன்றத்திடம் இழப்பீட்டு நிதி ஒன்றும் இருக்கிறது. வக்கீலோ அவருடைய ஊழியரோ நேர்மையில்லாமல் நடந்து கட்சிக்காரர் பணத்தை இழந்தால் அதில் விண்ணப்பிக்கலாம். ஆனால் "தொகை குறைவு, என்னைக் கேட்கவில்லை" என்பதை மட்டும் சொல்லி போலீசுக்குப் போனால், "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்புவார்கள். அலைச்சல்தான் மிச்சம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். சிலருக்குப் பிடிக்காது. நம்மவர்களிடம் ஏமாற்றிப் பிழைக்கிற வக்கீல்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். கோவில் திருவிழாவில் மாலை போடுகிறோம், மேடையில் பொன்னாடை போர்த்துகிறோம். அதற்காகக் கணக்குக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உரிமைக்குப் போராடுகிற இயக்கம் சொந்த ஆள் தப்பு செய்தால் மூடி மறைக்க முடியாது. அதே நேரம், காசு வாங்காமல் இரவெல்லாம் லாக்கப் வாசலில் நிற்கிற வக்கீல்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் நீங்கள் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாகக் கேஸ் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வருகிறவர் உண்மையில் வக்கீல்தானா என்று வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடுவார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம், யார் சொன்னாலும். கையெழுத்துப் போட்டதற்கெல்லாம் நகல் கேளுங்கள். அதிகாரக் கடிதத்தில் "என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் சமரசம் செய்யக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டேன் என்கிறவரிடம் கேஸ் கொடுக்காதீர்கள். அவர் எதற்கு மறுக்கிறார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பேசத் தொடங்குவதற்கு முன் ஒரு அம்மா கேட்டார்: "வக்கீல் மேல புகார் கொடுத்தா என் கேஸ் நின்னுடுமா தம்பி?" நிற்காது அம்மா. புகார் ஒரு பக்கம், கேஸ் ஒரு பக்கம். நீதிமன்றத் தேதியும் உங்களுக்காகக் காத்திருக்காது. அதனால் புகாரை எழுதுவதற்கு முன்பே புது வக்கீலைப் பாருங்கள். வைக்க வசதி இல்லை என்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ, அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையிலோ, அதாவது 'ஜபாத்தான் பந்துவான் குவாமான்' அலுவலகத்திலோ போய்க் கேளுங்கள். எல்லாக் கேஸையும் அவர்கள் எடுக்க முடியாது, ஆனால் எந்த வழி என்று சொல்வார்கள்.

கூட்டம் முடிந்ததும் பின்னால் இருக்கும் மேசையில் நாங்கள் இருப்போம். கேஸ் நம்பர், போலீஸ் ரிப்போர்ட் நகல், வக்கீல் அனுப்பிய கடிதம், போனில் வந்த செய்தி, எது இருந்தாலும் காட்டுங்கள். என்ன நடந்தது என்பதைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. எழுத முடியாதவர்கள் மகளையோ மகனையோ எழுதச் சொல்லுங்கள். நகல் மட்டும் கொண்டு வாருங்கள். ஒரிஜினலை வீட்டிலேயே வையுங்கள், எங்களிடமும் கொடுக்க வேண்டாம்.